பனிவண்டிக்கு ஒரு சோடி கைக்காப்பு

லா சப்பல், பாரிஸ்
மாசி மாதம், ஞாயிறு பின்னேரம்

மதிப்புக்குரிய பெரிய மச்சான் சிவகடாட்சம் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் குணரத்தினம் பாரிசிலிருந்து பணிவோடு எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் தேக சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே ‘நாங்கள் சுகம்’ என்று எழுதிவிட்டு, பிறகு ‘நாங்கள்’ என்பதை வெட்டி ‘நான்’ என்று மாற்றியிருக்கிறேன். பெரியவருக்கு எழுதும் கடிதத்தில் தொடக்கத்திலேயே வெட்டு விழுந்ததற்கு மன்னிக்கவும். புதுத் தாள் எடுத்துத்தான் பார்த்தேன். அதிலும் கை அப்படியே எழுதியது.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறான் என்று நீங்கள் நினைக்கலாம். போனில் கதைக்கலாம் என்றால் உங்கள் காது மெஷின் போனைக் கண்டதும் விசில் அடிக்கிறது. போன தடவை ‘உங்கடை தங்கச்சி ஜெகதீஸ்வரி கனடாவிலை நிக்கிறா’ என்று நான் கத்த, ‘கனநேரமா நிக்கிறாளோ, ஒரு கதிரையைக் குடு’ என்றீர்கள். மேல்வீட்டுக்காரர் தரையில் தட்டினார். ஆகவே இது கடிதம்.

விஷயம், உங்கள் தங்கையைப் பற்றிய முறைப்பாடு. கலியாணம் செய்த நாளிலிருந்து உங்களிடம் நான் ஒரு முறைப்பாடும் கொண்டுவந்ததில்லை என்பதை முதலில் கவனத்தில் எடுக்கவேண்டும். எங்கள் மகள் கஜந்தினி தாதி வேலை கிடைத்து, புருஷன் லூடோவிக்கோடு கனடாவின் கியூபெக் பக்கம் போனது உங்களுக்குத் தெரியும். அவர்கள் இருப்பது கடற்கரையோரம் ஒரு மீன்பிடிக் கிராமம் என்பதும், அந்தக் கிராமத்துக்கு வீதியே கிடையாது என்பதும் உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. கோடையில் கப்பல் வருகிறது. மாரியில் கடலும் தரையும் ஒன்றாக உறைந்த பிறகு சனங்கள் பனிவண்டியில் திரிகிறார்கள். பனிவண்டி என்றால் மோட்டார் சைக்கிள் மாதிரி ஒன்று. முன்சில்லு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு சறுக்குக் கட்டை, பின்சில்லு இருக்கவேண்டிய இடத்தில் புல்டோசருக்கு இருக்கிற மாதிரி ஒரு பட்டி. இதைப் பிரெஞ்சில் மோத்தோநேஜ் என்பார்கள். இந்தச் சொல்லை நான் இந்த வருஷம் சொன்ன அளவுக்கு ‘முருகா’ என்று சொல்லவில்லை.

கஜந்தினிக்குப் பிள்ளைப்பேறு என்று ஆடி மாதம் உங்கள் தங்கை புறப்பட்டாள். தீபாவளிக்கு முதல் வந்துவிடுவேன் என்றுதான் சொன்னாள். தீபாவளி வந்தபோது நத்தார்ப் பண்டிகை முடிய வருகிறேன் என்றாள். நத்தார் முடிந்தபோது, பனி கரைந்து கப்பல் ஓடட்டும் என்றாள். விசாவை நீட்டிக் கேட்டால் கொடுக்கமாட்டார்கள் என்று நம்பியிருந்தேன். கனடாக்காரர் உடனே கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு ஏன் இவ்வளவு நல்ல மனம் என்று எனக்கு விளங்கவில்லை. பேரன் நன்றாக வளர்கிறான், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் நான் இங்கே ரெஸ்ரோறண்டில் கூட்டத்துக்குச் சமைத்துப் பழகிய ஆள். பென்சன் எடுத்த பிறகும் கை சிறிதாகச் சமைக்கத் தெரியாமல் நிற்கிறது. ஒரு கறி வைத்தால் அது கிழமை முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கடைக்காரப் பெடியன் வழக்கம்போல முருங்கைக்காயைப் பெரிய கட்டாகக் கட்டித் தருகிறான், நானும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு வருகிறேன். சொல்லப்போனால் ஏன் என்று கேட்பான்.

இப்படியிருக்க, மார்கழியில் ஒருநாள் உங்கள் தங்கை போன் எடுத்தாள். அங்கே லைன் ஒழுங்காக இருப்பதில்லை. இடையிடையே காற்று இரைகிற சத்தம்தான் கேட்கும். அதற்குள்ளால் அவள் சொன்னது இவ்வளவுதான்: ‘இஞ்சாருங்கோ, கைக்குக் காப்பு இல்லாததுதான் பெரிய குறையாக் கிடக்கு. பாரிசிலை நல்லது இருக்குமாம். அகலமா, பாரமில்லாததா ஒரு சோடி பாத்து அனுப்புங்கோ.’ பிறகு லைன் வெட்டுப்பட்டுவிட்டது.

மச்சான், அவள் என்னிடம் நகை கேட்டதில்லை. நானாக வாங்கிக் கொடுத்ததையும் ‘இப்ப என்னத்துக்கு’ என்று பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறவள். அவ்வளவு தூரத்தில் போயிருந்து, என்னை நினைத்து, ஒரு சோடி காப்பு கேட்கிறாளே என்று எனக்குத் தாளமுடியாத சந்தோசம். ரயில் பாலத்தடியில் இருக்கிற நகைக்கடைக்கு அடுத்த நாளே போனேன். சேவ் எடுத்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். கடைப்பிள்ளை மனைவியின் கை அளவு என்ன என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. என் கையை நீட்டி, இதிலும் சிறிது என்றேன். அகலமானதில் நாலைந்து சோடியைப் படம் பிடித்து மகளின் போனுக்கு அனுப்பி, அம்மாவிடம் காட்டு என்றேன். மகள் திருப்பி ஒரு குரல் அனுப்பினாள். அதில் முதல் பாதி சிரிப்பு. மறுபாதி பிரெஞ்சு. அம்மா கேட்டது நகைக் காப்பு இல்லை, பனிவண்டியின் ஹாண்டிலில் பூட்டுகிற கைக்காப்பு, காற்றும் பனியும் கையில் அடிக்காமல் மறைக்கிற தட்டு என்று விளக்கம். குரலைச் சத்தமாக வைத்திருந்தேன். கடைப்பிள்ளைக்கும் பிரெஞ்சு தெரியும். அவள் மரியாதையாகக் காப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் திரும்ப அடுக்கினாள். நான் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சரி, பனிவண்டிக் கைக்காப்பு என்றால் அதையும் வாங்குவோம் என்று நினைத்தேன். ஆனால் பாரிசில் பனி என்பது வருஷத்தில் ஒருநாள் பெய்து, அன்று பின்னேரமே சேறாகிறது. இங்கே யார் அதை விற்பான். கீழ்வீட்டில் அந்துவான் என்று ஒரு பாண்டிச்சேரிக்காரர் இருக்கிறார், அரசாங்கக் கந்தோரில் வேலைசெய்து ஓய்வெடுத்தவர். என் பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு. வெங்காயம், சட்டி, கெதியாய் என்பதோடு முடிந்துவிடும். அவருடையது கந்தோர்ப் பிரெஞ்சு. அவரைக் கூட்டிக்கொண்டு, பஸ்தீய் பக்கம் மோட்டார் சைக்கிள் சாமான் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். வழியெல்லாம் அந்த மனிதர் ஒரே கேள்வி: ‘ஏங்க குணரத்தினம், கனடாவுல கிடைக்காத மோத்தோநேஜ் சாமானா? இத அங்கியே வாங்கிக்கக் கூடாதா?’ அங்கே கடை இல்லை, வீதி இல்லை, கப்பல் இல்லை என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

கடையில் ஆலீஸ் என்று ஒரு பெண். கையெல்லாம் பச்சை குத்தி, தலையில் ஒரு பக்கம் மழித்திருந்தாள். பார்த்தவுடன் அந்துவான் திரும்பிப் போவோம் என்றார். ஆனால் அந்தப் பிள்ளையைப் போலப் பொறுமையான ஆளை நான் இந்த நகரத்தில் கண்டதில்லை. மோட்டார் சைக்கிள் கைக்காப்பில் சிலது பனிவண்டிக்கும் பொருந்தும் என்று சொல்லி, மேசையில் ஒரு ஹாண்டிலை நட்டு, நாலு விதத்தைப் பூட்டிக் காட்டினாள். ஒன்று சின்னது, அழகுக்கு. ஒன்று அகலமான பிளாஸ்ரிக் தட்டு, கீழே இன்னொரு துண்டு சேர்த்துப் பெரிதாக்கலாம். ஒன்று கரையில் இரும்புக் கம்பி ஓடுகிறது, மரக்கொப்பு அடித்தாலும் தாங்கும். மற்றது துணியில் தைத்த பை, கையை முழுதாக உள்ளே விடுவது. லா சப்பலில் சாப்பாடு கொண்டோடுகிற பெடியங்கள் ஸ்கூட்டரில் கட்டியிருக்கிறார்களே, அதுதான். அந்துவான் கம்பி போட்டதை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, இதுதான் அரசாங்கத் தரம் என்றார். பிறகு ஆலீஸ் கேட்டாள், இது ஓட்டுகிறவருக்கா, பின்னால் இருக்கிறவருக்கா, இரண்டுக்கும் பூட்டுகிற இடம் வேறு என்று. பின்னால் இருக்கிறவருக்கு என்று நான் சொன்னேன். மருமகன் ஓட்டுவான், மனைவி பின்னால் இருப்பாள், இதில் கேட்க என்ன இருக்கிறது. எதற்கும் கேட்டுச் சொல்லுங்கள் என்றாள். மகளுக்குப் போன் எடுத்தேன்.

‘அப்பா, அம்மாதான் ஓட்டுறா’ என்றாள் கஜந்தினி. தமிழில் சொன்னாள். பிரெஞ்சில் சொன்னால் எனக்கு விளங்காமல் போய்விடும் என்று நினைத்திருக்கலாம்.

மச்சான், உங்கள் தங்கை மெட்ரோவில் ஓடும் படியில் கால் வைக்க என் சட்டைக் கையைப் பிடிக்கிறவள். பக்கத்திலிருக்கிற திரான்சி ஊருக்கு ஒரு கலியாணத்துக்குத் தனியாகப் போகச் சொன்னதற்கு, தலையிடி என்று படுத்தவள். அன்று பின்னேரம் மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். வெள்ளை வெளியில் செம்மஞ்சள் உடுப்போடு ஒரு ஆள் சரிந்து வளைந்து வந்து, சரியாகக் கமராவுக்கு முன்னால் வண்டியை நிற்பாட்டி, ஹெல்மெட்டைக் கழற்றுகிறது. உள்ளே உங்கள் தங்கை. பொட்டும் அழியவில்லை. பின்னால் ஒரு பெட்டியில் அவள் பொரித்த மீன் றோல்ஸ் கட்டியிருக்கிறது, ஊர் மண்டபத்துக்குக் கொண்டுபோகிறாள். படம் எடுத்தது ஒரு கிழவர். அவர் ‘மதாம் ஜெகா’ என்று கூப்பிடுகிறார். இங்கே இவ்வளவு காலம் இருந்தும், கடையிலும் கோயிலிலும் அவள் குணரத்தினத்தாரின் மனுசி. ஜெகா என்று அவளை நான்கூடக் கூப்பிட்டதில்லை. வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கறி அடிப்பிடித்தது. அப்படியும் அது குறையவில்லை.

அதற்குப் பிறகு நான் அந்துவான் இல்லாமல், குசினிப் பிரெஞ்சும் கைச்சாடையுமாகத் தனியாகவே கடைக்குப் போய்வரத் தொடங்கினேன். ஆலீஸ் ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி கேட்பாள். அங்கே மரம் இருக்கிறதா, மதாம் என்ன கையுறை போடுகிறா, காற்று எந்தப் பக்கத்தால் அடிக்கிறது. நான் வீட்டுக்கு வந்து உங்கள் தங்கையைக் கேட்பேன். அவள் அடுத்த நாள் ஓடிப் பார்த்துச் சொல்லுவாள்.

‘காத்து முன்னாலை வரேல்லை. கீழாலை ஏறிப் பெருவிரலைப் பிடிக்குது.’

‘எந்தக் கைப் பெருவிரல்?’

‘வலக்கை. அதாலைதானே அக்ஸிலேற்றரை அமத்திக்கொண்டு ஓடவேணும். இடக்கை பிறேக்.’

துணிப்பைதான் எல்லாவற்றிலும் சூடு என்று நான் சொன்னேன். லூடோவிக்கின் வண்டியில் அது இருக்கிறதாம், போட்டுப் பார்த்தாளாம், சரிவராது என்றாள். ஏன் என்று கேட்டேன். ‘அதுக்குள்ளை கையை விட்டா, எதிர வாற ஆக்களுக்குக் கை காட்டேலாது’ என்றாள். அந்த ஊரில் வழியில் ஒருவரை ஒருவர் கண்டால் கை காட்டாமல் போகக்கூடாதாம். இதை ஆலீசிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. அது நியாயமான காரணம் என்று சொல்லி, துணிப்பையை மேசையிலிருந்து எடுத்துவிட்டாள். கடற்கரையில் மரம் இல்லாததால் கம்பி போட்டதும் போனது. அந்துவானிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

உங்களிடம் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது. கீழ்த்துண்டு சேர்த்த அகலத் தட்டுதான் சரி என்று எனக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. ஆனாலும் நிறம் பார்க்கவேண்டும், பூட்டுகிற கிளிப் பார்க்கவேண்டும் என்று போய்க்கொண்டிருந்தேன். அந்தக் கடையில் கதவைத் தள்ளினால் ஒரு ஆள் நிமிர்ந்து பார்த்து, ‘மதாமின் பெருவிரல் எப்படி’ என்று கேட்கிறது. இந்த லா சப்பலில் என்னைக் கேள்வி கேட்க வேறு யார் இருக்கிறார்கள். உங்கள் தங்கையும் நானும் இங்கே ஒரே அறையில் இருந்த காலத்தில், அரிசி முடிந்தது, பில் வந்தது என்பதற்கு மேல் என்ன கதைத்தோம் என்று யோசித்துப் பார்த்தேன். இந்த மாரியில்தான் அவளுடைய ஒரு விரலைப் பற்றி நாங்கள் மணிக்கணக்காகக் கதைத்தோம்.

கடைசியில் போன கிழமை வாங்கினேன். கறுப்பு. ஆலீஸ் தானே பெட்டியில் வைத்து, கிளிப்புகளைத் தனியாகச் சுற்றி, மதாமுக்குத் தன் வணக்கத்தைச் சொல்லச் சொன்னாள். அந்தப் பெட்டியோடு மெட்ரோவில் வரும்போது, ஒரு பெரிய மனிதர் என்னிடம் அதை மடியில் வைக்காமல் கீழே வைக்கலாமே என்று சொன்னார். நான் வைக்கவில்லை.

இனித்தான் முறைப்பாடு. வாங்கியாயிற்று என்று மகளுக்குச் சொன்னேன். அவள் சந்தோசத்தில் வாயை விட்டுவிட்டாள். அங்கே எங்கேயோ பட்டினத்தில் இதே சாமான் விற்கிறதாம். சொன்னால் தபால் விமானத்தில் வந்துவிடுமாம். லூடோவிக் ஓடர் பண்ணப் போனபோது, உங்கள் தங்கைதான் மறித்தாளாம். ‘அப்பா பாத்து எடுக்கட்டும், அவருக்கும் ஒரு அலுவல் இருக்கட்டும்’ என்றாளாம்.

அலுவல், மச்சான். அழுகிற பிள்ளைக்குக் கிலுகிலுப்பை கொடுப்பதுபோல எனக்கு அலுவல் கொடுத்திருக்கிறாள். நான் பாரிசின் குளிரில் கடை கடையாக ஏறி, காற்று, விரல், மரம் என்று விசாரித்ததெல்லாம் அவள் எனக்குப் பொழுதுபோகட்டும் என்று செய்த ஏற்பாடு. அந்துவான் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. அதுதான் எனக்கு இன்னும் கூடுதலான வருத்தம்.

ஆகவே பெட்டியை அலுமாரிக்கு மேலே, சூட்கேசுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். அனுப்பப் போவதில்லை. அந்தக் கடைக்கும் இனிப் போகமாட்டேன். யோசித்துப் பாருங்கள், இதை அனுப்பினால் என்ன நடக்கும். கைக்குக் குளிர் படாது. கைக்குக் குளிர் படாவிட்டால், அங்கே இருப்பதற்கு அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அவள் திரும்பி வருவதற்கு இருந்த ஒரே காரணத்தை நானே பெட்டி கட்டி அனுப்புவதா? விரல் விறைக்கட்டும். விறைத்தால் பாரிசின் ஞாபகம் வரும்.

நீங்கள் மூத்தவர். உங்கள் சொல்லை அவள் தட்டமாட்டாள். கப்பல் ஓடத் தொடங்கிய முதல் கிழமையே ஏறி வா என்று கண்டிப்பாக ஒரு கடிதம் எழுதவேண்டும். உங்களுக்கு நெஞ்சு நோ என்று எழுதினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் தனியாக இருந்து கஷ்டப்படுகிறேன் என்று மட்டும் எழுதவேண்டாம். அவளாக அதை அறிந்து வரவேண்டும். இதை நான் சொன்னதாகவும் எழுதவேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. பிள்ளையாரின் அருளால் உங்கள் காதுக்கு நல்ல சுகம் கிடைத்து, அடுத்த தடவை நான் கத்தாமலும் மேல்வீட்டுக்காரர் தட்டாமலும் கதைக்கும் பாக்கியம் எங்கள் எல்லோருக்கும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன், இப்போதைக்குத் தனியாள்,
குணரத்தினம்

பி.கு.: இன்று திங்கள், மத்தியானம். ஒட்டிய கவரைக் கிழித்து இதைச் சேர்க்கிறேன். காலையில் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் புறப்பட்டேன். கோபத்தில் கையுறையை வீட்டில் விட்டுவிட்டேன். ரயில் பாலத்தைத் தாண்டுவதற்குள் விரல்கள் விறைத்து, கடிதம் கையில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று குனிந்து பார்க்கவேண்டியிருந்தது. பெருவிரலில்தான் குளிர் முதலில் ஏறியது. அவள் சொன்னது சரி. இது பாரிஸ் குளிர், மச்சான். அங்கே இதைக் குளிர் என்றே சொல்லமாட்டார்கள். திரும்பி வந்து, கதிரை வைத்து ஏறி, பெட்டியை இறக்கினேன்.

தபால் கந்தோரில் உள்ளே என்ன சாமான் என்று கேட்டார்கள். சொன்னேன். யாருக்கு என்று கேட்டார்கள். என் மனைவிக்கு, அவள் பனிவண்டி ஓட்டுகிறாள் என்றேன். கவுண்டரில் இருந்த பெண்ணுக்குச் சரியாகக் கேட்கவில்லை. இரண்டாந்தரம் சொன்னபோது வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. மூன்றாந்தரம் சொல்லும்படி ஒருவரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் வாசிக்காததாக எடுத்துக்கொள்ளுங்கள். தங்கச்சிக்கு ஒன்றும் எழுதவேண்டாம். நெஞ்சு நோவும் வேண்டாம். இன்று இரவு நானே போன் எடுத்து, வண்டியின் முன்கண்ணாடி உயரம் போதுமா, கழுத்தில் காற்று அடிக்கிறதா என்று கேட்கப்போகிறேன். அடிக்கிறது என்று சொன்னாளானால், நாளைக்கு ஆலீசின் கடை திறந்திருக்கும்.